பெண்கள் கிழமையில் ஒரு தூண்டில் கோல்

“மீனுக்கு இங்கிலீசு தெரியாது, அம்மிணி.”

நான் ஆசிரியைப் பயிற்சியில் தேறி வீடு திரும்பிய அன்று என் மாமன் சொன்னது இது. மாமன் என்றால் அம்மாவின் தம்பி. தேறினால் என்ன கேட்டாலும் வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியை மிதித்த முதல் ஆள் நான். ஆகையால் நான் கேட்கப்போவது என்ன என்று வீடே காத்திருந்தது. கம்மல் என்று அம்மா நினைத்தாள். நான் தூண்டில் கோல் என்றேன். பட்டு நூல் சுற்றிய ராட்டையோடு துரைமார் பிடிப்பார்களே, அந்த மாதிரிக் கோல்.

இதை வாசிக்கும் சகோதரிகள் சிரிக்கலாம். வீட்டிலும் சிரித்தார்கள். எங்கள் ஊர் கொள்ளேகாலிலிருந்து சிவசமுத்திரத்து அருவிக்குப் போகும் பாதையில், காவேரிக் கரையில் இருக்கிறது. கரையில் பிறந்தவர்கள் எல்லோரும் சின்ன வயதில் வெறும் கயிற்றில் முள்ளைக் கட்டி மீன் பிடித்தவர்கள்தாம். ஆனால் மாசீர் என்று துரைமார் சொல்கிற பெரிய கெண்டை வந்து மாட்டினால் கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போய்விடும். என் வலது கையில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. ஒரு வருஷம் ஒரு துரைசானி மடுவின் ஓரத்தில் நின்று, ராட்டை கிர்ரென்று கத்த, என் இடுப்பு உயரத்துக்கு ஒரு மீனை இழுத்துப் போட்டதைப் பார்த்தேன். அவள் என்னைவிடக் குள்ளம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அம்மா ஒரு நிபந்தனை போட்டாள்.

“மாமன்கூட மைசூருக்குப் போ. அங்க தசராப் பொருட்காட்சியில பொம்பளைங்க மட்டும் போற கிழமையில உள்ள போ. அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள நீ கேக்கற சாமான் கிடைச்சா வாங்கிக்க. கிடைக்கலீன்னா அதே பணத்துல கம்மல் வாங்கிட்டு வரோணும். அப்பறம் இந்த வூட்ல தூண்டில்ங்கற பேச்சே வரக்கூடாது.”

பணம் மாமனின் இடுப்புப் பையில் போயிற்று. மாமன் அப்போதே கம்மல் வாங்கியாகிவிட்டது போலச் சிரித்தார்.

திங்கட்கிழமை மத்தியானம் கொள்ளேகாலில் மோட்டார் ஏறினோம். மைசூர் நாற்பது மைலுக்குச் சற்றுக் குறைவு. ஆளுக்குப் பன்னிரண்டணா. தசரா சமயம் ஆனதால் உட்காருகிற இடத்தில் இரண்டு பேர், நிற்கிற இடத்தில் மூன்று பேர், கூரையின் மேல் பட்டுக்கூடு மூட்டைகள். எனக்கு டிரைவருக்குப் பின்னாலேயே இடம் கிடைத்தது. அவர் தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிறவர்.

“ஏனம்மா, தசரா பாக்கவா?”

“தசராவுக்கு இல்லீங்க. தூண்டில் வாங்கறதுக்கு” என்றார் மாமன், நான் வாய் திறக்குமுன்.

“யாருக்கு, உமக்கா?”

“நமக்கெதுக்குங்க? இந்தப் புள்ளைக்கு.”

டிரைவர் உடம்பு முழுவதையும் திருப்பி என்னைப் பார்த்தார். “ஹுடுகி மீனு ஹிடீதாளா?” பெண் பிள்ளை மீன் பிடிப்பாளா என்று அவருக்கு அத்தனை ஆச்சரியம். அதற்குள் மோட்டார் ஒரு புளியமரத்தை நோக்கிப் போய்விட்டது. பின்னாலிருந்து எல்லோரும் அலறினார்கள். சக்கரத்தை ஒடித்துத் திருப்பிய பிறகு அவர் சொன்னார்: “மீனைப் பிடிச்சாளோ பிடிக்கலையோ, இவ தூண்டில்ல நாமெல்லாம் மாட்டியிருப்போம்.”

கொஞ்ச தூரத்தில் எல்லைக்கல் வந்தது. சென்னை ராஜதானி முடிந்து மைசூர் சீமை ஆரம்பம். நான் ஏதோ மாறும் என்று எட்டிப் பார்த்தேன். இந்தப் பக்கம் கேழ்வரகுக் கொல்லை, அந்தப் பக்கமும் கேழ்வரகுதான். ஆனால் சாலை மாறியது. குலுக்கல் குறைந்து, மாமன் தூங்க ஆரம்பித்தார். நரசீபுரத்தில் கபினி ஆற்றைக் கடந்தபோது வண்டியிலிருந்த பெண்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் மட்டும் தண்ணீர் எங்கே சுழிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய மீன் சுழிக்குப் பக்கத்தில்தான் நிற்கும்.

மாலையில் மைசூர் சேர்ந்தோம். மாமனுக்குத் தெரிந்த ஒரு பட்டு வியாபாரியின் வீடு தேவராஜ மொஹல்லாவில் இருந்தது, அங்கே தங்கல். அரண்மனை விளக்கைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நானும் பார்த்தேன். மலைப்பாகத்தான் இருந்தது. ஆனால் என் மனம் மறுநாளில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை மாமன் என்னை மார்க்கெட் வழியாக அழைத்துப் போனார். மல்லிகையும் வெற்றிலையும் குவிந்து கிடக்கிற சந்தில் நடப்பதே ஒரு சுகம். ஒரு முழம் மல்லிகை அரையணா கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டேன். மார்க்கெட்டைத் தாண்டியதும் மாமனின் திட்டம் புரிந்தது. தங்க நகைக் கடைகள் வரிசையாக இருக்கிற வீதி அது.

“சும்மா பாரு, அம்மிணி. பாக்கறதுக்குக் காசா பணமா?”

“சாயங்காலம் பாக்கலாமுங்க மாமா.”

“சாயங்காலம் வாங்கறதுக்கு. இப்பப் பாக்கறதுக்கு.”

நான் நிற்காமல் நடந்தேன்.

பொருட்காட்சி வாசலில் அனுமதிச் சீட்டு ஓரணா. அன்று பெண்கள் மட்டும். வாசலில் இரும்புக் கிராதிக் கதவு. அதன் வெளியே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் நிழலில் அப்பாக்களும் அண்ணன்களும் புருஷர்களும் உட்காரத் தொடங்கியிருந்தார்கள். மாமன் குடையை விரித்துத் தமக்கும் ஓர் இடம் பிடித்துக்கொண்டார். “ஆறு மணிக்குக் கதவு சாத்தறாங்களாம். நானு இங்கயேதான் இருக்கேன்” என்றார், இடுப்புப் பையைத் தட்டிக்கொண்டு. பணம் அங்கே, நான் உள்ளே. சாமானைத் தேர்ந்து விலை பேசிக்கொண்டு வந்து சொன்னால் பணம் தருவதாக ஏற்பாடு.

உள்ளே போனதும் எனக்கு இறக்கை முளைத்த மாதிரி இருந்தது. பாதி முகத்தை மூடிக்கொண்டு வந்த பெண்கள் முக்காட்டைத் தள்ளிவிட்டு நடந்தார்கள். சந்தனச் சோப்பு, பீங்கான், சன்னப்பட்டணத்து மரப் பொம்மை, நெசவு எந்திரம், பிள்ளைகள் ஏறும் ராட்டினம். எல்லாக் கடையிலும் அன்று கடைக்காரர்களின் மனைவியோ அக்காவோ உட்கார்ந்து வியாபாரம் செய்தார்கள். நான் எதிலும் நிற்கவில்லை. கையில் வெள்ளைத் துணிப் பட்டை கட்டிய ஒரு தொண்டர் அம்மாளிடம் மீன்பிடிச் சாமான் கூடம் எங்கே என்று கேட்டேன்.

“அதுவா? வேட்டைச் சாமானும் மீன் சாமானும் இன்னிக்கு மூடியிருக்கே. அது ஆம்பளைங்க பகுதிதானே? எம்பிராய்டரி அந்தப் பக்கம், போங்க.”

தலையில் இடி விழுந்தது போலாயிற்று. பொருட்காட்சியைப் பற்றிப் பத்திரிகையில் வந்த இரண்டு செய்தியையும் நானேதான் படித்தேன். மீன்பிடிக்கும் வேட்டைக்கும் தனிக் கூடம் என்று ஒரு பத்தியில் இருந்தது. செவ்வாய்க்கிழமை ஸ்திரீகளுக்கு மட்டும் என்று அடுத்த பத்தியில் இருந்தது. இரண்டையும் தனித்தனியே படித்தேன், சேர்த்துப் படிக்கவில்லை. அந்தக் கிழமையில் அந்தக் கூடத்தைத் திறக்க வேண்டிய அவசியம் யாருக்குத் தோன்றும்?

ஆனாலும் போய்ப் பார்த்தேன். நீளமான தகரக் கூரைக் கட்டடம். ஒரு கதவு சாத்தியிருந்தது. இன்னொன்று காற்றுக்காக ஒருக்களித்துத் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். சுவரில் ஒரு புலித்தலை, ஒரு காட்டெருமைத் தலை. கண்ணாடிப் பெட்டிகளில் துப்பாக்கிகள்; பெட்டிகளைச் சுற்றிச் சங்கிலி. காட்டெருமையின் நேர் கீழே, மடிசார் கட்டிய ஓர் அம்மாள் உட்கார்ந்து கதம்பம் தொடுத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கலாம். தொடுத்த சரத்தைக் காட்டெருமையின் கொம்பில் தொங்கவிட்டிருந்தாள்.

“கடை இல்லேம்மா. நான் சும்மா காவல்” என்றாள் தமிழில். என் முகத்தில் என்ன இருந்ததோ, உடனே, “என்ன ஆச்சு? ஏன் அழறே? உள்ளே வாயேன்” என்றாள்.

நான் அழவில்லை. அழுதிருக்கலாம்.

அவள் பெயர் அலமேலு. மேல்கோட்டையைச் சேர்ந்த வைஷ்ணவக் குடும்பம். அவளுடைய கணவர் மைசூரில் டென்னிஸ் பேட்டிலிருந்து தோட்டா வரை விற்கிற கடைக்காரர். இந்தக் கூடத்தில் பாதி அவர் சாமான். அவரும் வாசலில் மரத்தடியில்தான் இருந்தார்.

“எங்காத்துல வெங்காயம்கூடச் சேராது. மீனைக் கண்ணால பார்த்ததில்லே. ஆனா சாப்பாடு என்னவோ மீனாலதான் நடக்கறது, பெருமாளே” என்று சொல்லி அவளே சிரித்தாள். “உனக்கு என்ன பேக்கு, என்ன வேணும், சொல்லு. விக்கக்கூடாதுன்னாரே தவிர, காட்டக்கூடாதுன்னு சொல்லலே.”

இப்படித்தான் கடை திறந்தது.

நீண்ட துணிப் பைகளிலிருந்து கோல்களை எடுத்துப் பூட்டினோம். ஒன்று இங்கிலாந்தில் செய்தது. மூங்கிலைப் பிளந்து ஆறு சிம்புகளாக ஒட்டியது, பதினான்கு அடி, விலை எழுபது ரூபாய். அதைக் கையிலெடுத்ததும் வைத்துவிட்டேன். விலைக்காக மட்டும் அல்ல, நுனி கனத்தில் மணிக்கட்டு தானாகத் தாழ்ந்தது. இரண்டாவது ஏதோ ஒரு கறுத்த மரம். அழகு, ஆனால் வளைக்க நினைத்தால் முனகியது. மூன்றாவது கல்கத்தாவில் செய்த முழு மூங்கில் கோல்; இரண்டு துண்டு, பத்தடி, பித்தளைப் பூண். விலைச் சீட்டில் பன்னிரண்டு ரூபாய். உதறினால் அது உடம்பு பூராவும் நடுங்கியது. அதை நான் கீழே வைக்கவேயில்லை.

அடுத்து ராட்டை. எங்கள் ஊரில் பட்டு இழைக்கிற சக்கரத்துக்கும் ராட்டை என்றுதான் பெயர்; ஆகையால் எனக்கு அது புதிதாகவே தோன்றவில்லை. அலமேலு அம்மாள் அதற்குள் ஒரு தட்டிலிருந்து பளபளவென்ற ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். மீனை ஏமாற்றுவதற்காகச் செய்த, முள் பூட்டிய தகட்டுக் கரண்டி.

“இது ஸ்பூன்தானே? நடுவுல ஓட்டை போட்டு வெச்சிருக்கானே கடன்காரன். பாயசம் ஒழுகிடாதோ?”

எல்லாம் தொட்டாள், ஒரே ஒரு தட்டை மட்டும் ஒரு குச்சியால் என் பக்கம் தள்ளினாள். அதில் வெள்ளி போலக் கம்பிகம்பியாக, ஒரு முழ நீளத்தில், ஒரு கட்டு இருந்தது. நூலின் நுனிக்கும் முள்ளுக்கும் நடுவில் கட்டுகிற கண்ணாடி நரம்பு அது. தண்ணீரில் போட்டால் மீன் கண்ணுக்குத் தெரியாது.

“அதை மட்டும் நீயே எடுத்துக்கோ. ‘கட்’னு ஏதோ பேர் சொல்லுவர். என்ன வஸ்துவோ? எனக்குச் சந்தேகம்.”

நான் படித்தவள் அல்லவா? உடனே பெருமையாக அர்த்தம் சொன்னேன்: “‘கட்’டுன்னா இங்கிலீசுல குடலுங்க.”

“ஐயையோ!” அம்மாள் குச்சியையும் எறிந்துவிட்டு எழுந்தாள். “ஆட்டுக் குடலா? இதையா தினம் ஆத்துக்குக் கொண்டு வந்து அலமாரியில வைக்கறார்? இன்னிக்கு ரெண்டு தடவை ஸ்நானம். அவருக்கும் ரெண்டு தடவை.”

கட்டின் மேல் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. அதன் முன்பக்கத்தை மட்டும் படித்தேன். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்து, பேசவே முடியவில்லை.

ஆடு அல்ல. பட்டுப்புழு. ஸ்பெயின் தேசத்தில், கூடு கட்டப்போகிற புழுவைக் காடியில் ஊறப்போட்டு, அதன் வயிற்றிலிருக்கிற பட்டுப் பையை உருவி, அப்படியே கம்பியாக நீட்டிக் காயவைக்கிறார்களாம். எங்கள் வீட்டில் வருஷத்துக்குப் பல ஈடு புழு வளர்க்கிறோம். மூங்கில் தட்டில் முசுக்கட்டை இலை போட்டு, சந்திரிகை என்கிற வட்டத் தட்டியில் ஏற்றிக் கூடு கட்டவிடுகிற வேலை நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எனக்குப் பழக்கம். அந்தப் புழுவின் வயிற்றுச் சமாசாரத்தைத் தேடியா இத்தனை தூரம் வந்தேன்?

“அம்மா, இது பட்டுங்க. நீங்க கட்டியிருக்கற சேலையும் இதும் ஒரே புழுவோட வயித்துல இருந்து வந்ததுங்க. அது நூத்தது, இது நூக்காதது. அவ்வளவுதான்.”

அம்மாள் தன் சேலைத் தலைப்பைப் பார்த்தாள். கட்டைப் பார்த்தாள். அவர்கள் வீடுகளில் பூஜைக்கும் சமையலுக்கும் பட்டுத்தான் மடி, பருத்தியைவிடச் சுத்தம்.

“அப்போ இது மடியா?”

“உங்க சேலை மடின்னா இதும் மடிதானுங்களே.”

அம்மாள் என் பக்கத்தில் வந்தாள். பிறகு சம்மணமிட்டு உட்கார்ந்து, அந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு நரம்பை உருவி வெளிச்சத்தில் பிடித்தாள். “எத்தனை அழகா இருக்கு, நோடு, பாரேன்! மூக்குத்தித் திருகாணிக்கு நூல் சுத்தறதுக்குப் பதிலா இதைச் சுத்தலாம் போலிருக்கே.”

அப்புறம் இருவரும் சேர்ந்து தப்புச் செய்தோம். அவள் கதம்பத்துக்குத் தண்ணீர் தெளித்த கை, ஈரமாக இருந்தது. நான், “ஈரக் கையோட தொடாதீங்க!” என்று பதறி, அவள் கையை என் தலைப்பால் துடைத்துவிட்டேன். புழு வளர்க்கிற வீட்டில் ஈரம் ஆகாது. நனைந்த இலை போட்டால் ஒரு தட்டுப் புழுவும் செத்துப்போகும். பிறந்ததிலிருந்து கேட்ட பேச்சு. கை தானாகச் செய்தது. பிறகு, காய்ந்த நரம்பை நூலோடு முடிச்சுப் போட்டு இறுக்கினேன். படக்கென்று முறிந்தது. இன்னொன்று. அதுவும் முறிந்தது. மூன்றாவதும் முறிந்ததும் அம்மாளின் முகம் வெளுத்தது.

“எண்ணி வெச்சிருப்பரே! இன்னும் எத்தனை முறிக்கப் போறே?”

இருக்கிற நரம்பெல்லாம் இப்படித்தான் என்றால் கோலை வாங்கி என்ன பயன்? துண்டுச் சீட்டை மறுபடி எடுத்துப் பின்பக்கம் பார்த்தேன். நல்ல பெரிய எழுத்தில் இருந்தது: முடிச்சுப் போடுமுன் தண்ணீரில் நன்றாக ஊறவைக்க வேண்டும், காய்ந்தபடி முடிந்தால் முறியும்.

அங்கே இருந்த ஒரே தண்ணீர் அம்மாளின் குடிதண்ணீர்ச் சொம்பு. நான் கேட்கத் தயங்கினேன். அவளே மூடியைத் திறந்து நான்கைந்து நரம்பை உள்ளே போட்டாள். சற்று முன் குச்சியால் தள்ளிய அதே அம்மாள்.

ஊறின பிறகு நரம்பு மல்லிகைச் சரம் கட்டுகிற நார் மாதிரிக் குழைந்தது. முடிச்சு அவளே போட்டாள். பூத்தொடுக்கிற விரல்கள் அல்லவா? நான் இழுத்தேன். அவளும் இழுத்தாள். முறியவில்லை.

கோலைச் சோதிக்க மீன் வேண்டும். கூடத்துக்குப் பின்னால் சரளைக்கல் பரப்பிய திறந்த வெளி இருந்தது. நான் கோலைப் பிடித்தேன்; அம்மாள் நூலின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு, மடிசாரோடு ஓடினாள். ராட்டை கிர்ரென்று கத்தியது. அந்தச் சத்தத்துக்கு எம்பிராய்டரி பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பி வந்துவிட்டார்கள். மண்டியாவிலிருந்து வந்திருந்த, நல்ல பருமனான ஓர் அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். “நானு மீனு! நானு மீனு!” என்று நூலைப் பிடுங்கிக்கொண்டு புறப்பட்டாள். ஐயோ, அது மீன் இல்லை, முதலை. கோல் வில்லாக வளைந்தது. என் குதிகால் சரளையில் இரண்டு கோடு போட்டது. “எளி! எளி!” என்று சுற்றிலும் கூச்சல், இழு, இழு என்று அர்த்தம். துரைசானி செய்ததை நினைத்துக்கொண்டு நான் இழுக்கவில்லை. கோலை நிமிர்த்திப் பிடித்து, ஓடவிட்டு, அவள் மூச்சு வாங்கின இடத்தில் ராட்டையைச் சுற்றினேன். மறுபடி ஓடினாள், மறுபடி விட்டேன். கடைசியில் மண்டியா அம்மாள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நூலும் நரம்பும் முடிச்சும் அப்படியே இருந்தன. என் உள்ளங்கையில் ஒரு கீறல் இல்லை.

“இதுதாங்க” என்றேன்.

“விக்கறதுக்கு நான் யாரு? வா, அவரைக் கேப்போம்” என்றாள் அலமேலு அம்மாள்.

முதல் மணி அடித்துவிட்டார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் கோலோடு வாசலுக்கு ஓடினோம். கிராதிக்கு வெளியே ஆண்கள் எழுந்து நின்று அவரவர் வீட்டுப் பெண்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கோட்டும் தலைப்பாகையும் நாமமுமாக ஒல்லியான ஒருவர் கம்பியருகே வந்தார். அவர்தான் கணவர். தன் மனைவியின் கையில் தூண்டில் கோலைப் பார்த்து அவர் அப்படியே நின்றுவிட்டார்.

“இன்னிக்கு வியாபாரம் இல்லேம்மா. நாளைக்கு உங்காத்துப் புருஷாளை அனுப்பு” என்றார் என்னிடம்.

“புருஷாள் யாருக்கும் இல்லீங்க. கோல் எனக்கு. நாளைக்கு ஆகாதுங்க, இன்னிக்கே வேணும்.”

“உனக்கா? வீசத் தெரியாம முறிச்சுட்டு, என் கடைக் கோல் சரியில்லேன்னு ஊர் பூரா சொல்லுவே. வீசிக் காட்டு, தரேன்.” சுற்றிப் பார்த்தார். மரத்தடியில் மாமன் மட்டும் இன்னும் குடையின் கீழ் உட்கார்ந்திருந்தார், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. “அதோ அந்தக் குடைக்குப் பக்கத்துல போடு பார்க்கலாம்.”

குடைக்கு உடையவர் யார் என்று நான் சொல்லவில்லை.

முள்ளுக்குப் பதில் சின்ன ஈயக்குண்டு கட்டியிருந்தோம். முதல் வீச்சில் ராட்டை தறிகெட்டுச் சுற்றி, நூல் குருவிக்கூடாகச் சிக்கிக்கொண்டது. வெளியே சிரிப்பு. என் காது எரிந்தது. ஆனால் சிக்கு எடுப்பது எனக்குப் புதிதா? பட்டுக்கூட்டில் இழையின் தலைப்பைத் தேடுகிற விரல் இது. தலைப்பைக் கண்டுபிடித்து உருவி, மறுபடி சுற்றினேன். தொண்டர் அம்மாள் கதவுச் சாவியோடு நின்றாள். இந்தத் தடவை ராட்டையின் விளிம்பில் பெருவிரலை வைத்து அழுத்திக்கொண்டேன். கோல் பின்னால் போய், முன்னால் வந்தது. ஈயக்குண்டு கிராதியைத் தாண்டி, தலைப்பாகைகளைத் தாண்டி, குடையையும் தாண்டி, மாமனின் தலைக்கு ஒரு முழம் மேலே மரத்தில் டொக்கென்று மோதியது.

“எவன்டா அவன்!” மாமன் குடையை வாள் மாதிரி பிடித்துக்கொண்டு துள்ளி எழுந்தார். நூலைக் கண்ணால் பிடித்துக்கொண்டே வந்தார். மறுமுனையில் நான் நின்றேன்.

“குறி தப்பிடுத்து” என்றார் கடைக்காரர். “ஆனா போன வாரம் ஒரு துரை இதே மாதிரி வீசிக் காட்டறேன்னு எங்க கூஜாவை உடைச்சார். நீ மரத்தைத்தான் அடிச்சே.” நூலைக் கையில் எடுத்து முடிச்சைப் பார்த்தார். “ஊறவெச்சுப் போட்டிருக்கே. யார் போட்டது?”

“நான்தான்” என்றாள் அலமேலு அம்மாள். “அது பட்டாம். மடியாம். இத்தனை வருஷமாச் சொல்லாம இருந்தேளே. பொண்ணுக்கு ரெண்டு ரூபா குறைச்சுக் குடுங்கோ.”

அவர் விலைச் சீட்டைப் பார்த்துக் கணக்குச் சொன்னார். கோல் பத்து ரூபாய், ராட்டை ஆறு, நூலும் முள்ளும் நரம்பும் சேர்த்து மூன்றரை. பாக்கி இருந்தது மாமனின் கை இடுப்புப் பைக்குப் போவதுதான். அவர் மேற்கே பார்த்தார். சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் இருந்தது. ஆனால் தூங்குமூஞ்சி மரத்தின் உச்சியில் வெயில் இன்னும் மஞ்சளாக இருந்தது.

“பொழுது சாஞ்சாச்சே, அம்மிணி.”

“உச்சியில வெயில் இருக்குதுங்களே மாமா.”

மாமன் உச்சியைப் பார்த்தார். மரத்தில் ஈயம் பட்ட இடத்தைப் பார்த்தார். கிராதி வழியாகக் கையை நீட்டி, கோலை வாங்கி, ஒரு தடவை உதறினார். அது நடுங்கியது. இன்னொரு தடவை உதறினார்.

“இது எத்தனை கனம் தாங்குமுங்க?” என்று கடைக்காரரைக் கேட்டார்.

“உம்மை விட அதிகம்.”

மாமன் பையின் முடிச்சை அவிழ்த்தார். “காதுல முள்ளை மாட்டிக்கிட்டு மணவறையில உக்காரு, போ” என்று என்னைத் திட்டிக்கொண்டே பணத்தைக் கொடுத்தார்.

புதன்கிழமை காலை மோட்டாரில் திரும்பினோம். கோலை நெடுக்காகக் கூரையில் கட்ட நான் சம்மதிக்கவில்லை. ஜன்னல் வழியாக நுனி வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. நரசீபுரம் வரும்வரை மாமன் எல்லாப் பிரயாணிகளுக்கும் அதன் விலையையும் தாங்குகிற கனத்தையும் சொல்லிக்கொண்டு வந்தார். தாமே தேர்ந்தெடுத்ததுபோல.

எனக்கு மட்டும் ஒரு யோசனை ஓடியது. மைசூரில் பெண்கள் ஒரு நாள் ஓடி விளையாட ஓரணாச் சீட்டும், இரும்புக் கதவும், காவலும் வேண்டியிருந்தன. மண்டியா அம்மாள் எத்தனை வருஷம் கழித்து அப்படி ஓடியிருப்பாளோ? எங்கள் ஆற்றங்கரைக்கு வேலியும் இல்லை, கதவும் இல்லை. ஆனால் துவைக்கிற கல்லைத் தாண்டி மடுப்பக்கம் போகிற பெண்ணை நான் கண்டதில்லை. யாரும் தடுத்ததாகவும் நினைவில்லை. போகவில்லை, அவ்வளவுதான்.

வந்ததும் நான் வீட்டுக்குள் சாமானை வைக்குமுன் நேரே பரிசல்காரர் வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை விடிகாலையில் அருவிக்குக் கீழே பெரிய மடுவுக்குப் பரிசல் வேண்டும் என்றேன்.

“துரைசானி வாறாங்களா?”

“இல்லீங்க. நான்தான்.”

அவர் என்னையும் கோலையும் மாறி மாறிப் பார்த்தார். “அங்க தண்ணி வேகமுங்க. சாரல்ல சீலையெல்லாம் நனைஞ்சு போகும்.”

“நனையட்டுமுங்க” என்று சொல்லி, முன்பணமாக ஓர் எட்டணாவை அவர் கையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.